ஒன்றாம் தேதி முதல்

சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு பெருமை உண்டு. காலையில் சபையில் பட்ஜெட் வாசித்தால், மாலைக்குள் அவருடைய கடிதம் தொகுதியில் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்துவிடும். மற்ற உறுப்பினர்கள் ஆடி அசைந்து ஒரு மாதம் கழித்து அனுப்புவார்கள். இவருக்கு மட்டும் எப்படி முடிந்தது? பட்ஜெட்டுக்கு நான்கு நாள் முன்பே கடிதத்தை அச்சுக்குக் கொடுத்துவிடுவார், அவ்வளவுதான் சங்கதி. யாருடைய வாயையாவது பிடுங்கி, தொகுதிக்கு என்னென்ன வருகிறது என்று தெரிந்துகொள்வார். எட்டு வருடத்தில் ஒரு வரிகூடத் தப்பியதில்லை. ஒரு நாள் தப்பினால் என்ன ஆகும் என்று அவர் யோசித்ததும் இல்லை.

இந்த முறை கடிதத்தின் முதல் வரியே, “ஒன்றாம் தேதி முதல் நம் ஊர் மருத்துவமனையிலேயே டயாலிசிஸ்” என்று கொட்டை எழுத்தில் இருந்தது. இயந்திரங்கள் ஆறு மாதமாகவே பெட்டி பிரிக்காமல் மருத்துவமனை நடையில் கிடந்தன. நர்சுகளை நியமிக்கவும் தண்ணீர் சுத்திகரிக்கும் சாதனம் வைக்கவும் பணம் ஒதுக்கினால் போதும். சபை கேன்டீனில் நிதியமைச்சரைப் பிடித்துக் கேட்டார். அமைச்சர் பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி, “அதெல்லாம் போட்டாச்சு, போங்க” என்றார். ஆளை விட்டால் போதும் என்று சொன்ன பேச்சு அது. உறுப்பினர் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு நேரே அச்சகத்துக்குப் போன் செய்தார்.

பட்ஜெட் புத்தகத்தில் அந்தத் திட்டத்துக்கு எதிரே, “அடுத்த ஆண்டு பரிசீலிக்கப்படும்” என்று இருந்தது. அதை அவர் படித்தபோது கடிதம் பாதித் தெருக்களில் போட்டாகிவிட்டது.

மறுநாளே தவறு என்று இரண்டு வரி எழுதி அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. எட்டு வருடப் பெயர் போய்விடுமே என்ற பயம். அமைச்சர் காலைப் பிடித்தாவது சரிக்கட்டிவிடலாம் என்று பத்து நாள் அலைந்தார். பதினோராம் நாள் அமைச்சரின் செயலாளர் கையை விரித்துவிட்டார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, முப்பதாம் தேதி, பள்ளிக்கூட அரங்கில் தொகுதி மக்களுடன் கூட்டம். மூன்றாவது வரிசையில் அவருடைய அக்கா உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருடமாக வாரம் மூன்று நாள், போக வர ஐந்து மணி நேரம் பஸ்ஸில் குலுங்கி, நகரத்து ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருகிறவள். தம்பியைப் பார்த்துச் சிரித்தாள்.

சாலை, சாக்கடை, தெருவிளக்கு என்று ஒன்றரை மணி நேரம் பேசினார். குப்பை லாரியைப் பற்றி மட்டும் இருபது நிமிடம். குப்பை லாரியைப் பற்றி அவ்வளவு பேச உலகத்தில் ஒன்றுமே இல்லை. கடைசியில் ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் எழுந்தார்.

“டயாலிசிஸ் நாளைக்கு எத்தனை மணிக்கு சார் திறக்கறாங்க?”

உறுப்பினர் மைக்கைச் சரிசெய்தார். தண்ணீர் குடித்தார். “திறக்கலைங்க. பணம் ஒதுக்கலை. கடிதத்துல நான் எழுதினது தப்பு” என்றார்.

கூச்சல் போடுவார்கள் என்று நினைத்திருந்தார். நாற்காலிகளைத் தள்ளிவிட்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். திட்டியிருந்தால்கூட நின்று வாங்கிக்கொண்டிருப்பார்.

அக்கா மட்டும் மேடைப் பக்கம் வந்தாள்.

“டேய், நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்டா.”

“எதுல?”

“ஆஸ்பத்திரிலதான். எத்தனையோ பேர் மாசக்கணக்கா காத்துக்கிட்டிருக்காங்க, நமக்குத்தான் உள்ளூர்லயே வந்துடுச்சேன்னு என் இடத்தை விட்டுட்டேன். நேத்தோட முடிஞ்சுது. செவ்வாய்க்கிழமை எனக்கு மறுபடி பண்ணியாகணும்.”

“இரு, ஒண்ணும் ஆகாது” என்று சொல்லிவிட்டுத் தலைமையாசிரியர் அறைக்குள் ஓடினார். கதவைச் சாத்திக்கொண்டு நகரத்து ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளருக்குப் போன் போட்டார். தன் பதவியைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தியதில்லை என்று மேடைக்கு மேடை சொல்பவர்தான். அதெல்லாம் அந்த நிமிடம் அவருக்கு நினைவில் இல்லை.

“செய்யலாம் சார்,” என்றார் கண்காணிப்பாளர். “ஆனா காலி இடமெல்லாம் எழுதிக் குடுத்த அன்னிக்கே புது ஆளுங்களுக்குப் போயிடுச்சு. அவங்கள்ல யாரை நீக்கறதுன்னு நீங்களே சொல்லிடுங்க. அவங்களும் உங்க தொகுதிதான்.”

உறுப்பினர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“இன்னொண்ணு சார். உங்க அக்கா ஒருத்தர் மட்டுமில்ல. உங்க கடிதத்தைக் காட்டி ஏழு பேர் எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்காங்க. ஏழு பேரையும் திரும்பச் சேர்க்கணுமா?”

போனை வைத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். அரங்கில் அக்காவைத் தவிர ஆளில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

“மொத்தம் ஏழு பேராம்க்கா” என்றார். அதை ஏன் அவளிடம் போய்ச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

“தெரியும்” என்றாள் அக்கா. “எங்க பஸ்ல வர்றவங்கதான். முதல்ல யாரும் நம்பலை. ஆறு பேரும் யோசிச்சுக்கிட்டே இருந்தாங்க. நான்தான் சொன்னேன், என் தம்பி எழுதினா எழுதினதுதான், தைரியமா கையெழுத்துப் போடுங்கன்னு.”

பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். பையிலிருந்து செல்போனை எடுத்தாள்.

“என்னை விடு. அவங்க ஆறு பேருக்கும் நான் இப்பவே சொல்லியாகணும். என்னடா சொல்லட்டும்?”

அவள் முதல் ஆளின் எண்ணை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டாள்.