ஏழாவது மாடித் தையல்

மின்கட்டணம் மூன்றாம் முறை உயர்ந்த மாதம், எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்டை நிறுத்திவிட்டார்கள். அது தரைத்தளத்தில் கதவைத் திறந்தபடி நின்றது. நிறுத்தியவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர். அவர் வீடு முதல் மாடியில். அதைத் தற்செயல் என்றே நானும் எல்லாரிடமும் சொல்கிறேன்.

நாங்கள் ஏழாவது மாடி. விலைவாசி ஏறுகிறது என்று செய்தியில் சொன்னபோது எனக்குப் புரியவில்லை. பால்காரர் மாடிக்கு மாடி ஒரு விலை வைத்தபோது புரிந்தது. எங்கள் வாசலுக்கு வந்து சேரும்போது பால், நெய் விலையில் இருந்தது.

மகன் வேலை பார்த்த கண்ணாடித் தொழிற்சாலையில் எரிவாயு கட்டுப்படியாகாமல் உலையை அணைத்துவிட்டார்கள். மிச்சம் மருமகளின் தையல் மெஷின்தான். காலால் மிதிப்பது. அது ஓடினால்தான் வீட்டில் உலை கொதிக்கும்.

பாதி வாடிக்கையாளர்கள் மூன்றாவது மாடியோடு திரும்பிப் போனார்கள். விடாமல் ஏறியவர் தெருமுனை மளிகைக்கடைக்காரர். நூற்றுப் பத்து கிலோ. மகள் கல்யாணத்துக்குப் புது பேண்ட். அளவெடுத்த அன்று இடுப்பு நாற்பத்தாறு அங்குலம். ஒரு வாரம் கழித்துப் போட்டுப் பார்க்க வந்தார். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். அவர் ஏழு மாடி ஏறி வந்ததில் பேண்ட் முழங்கால்வரை சறுக்கியது.

"என்னம்மா இது, பேண்ட்டா, கூடாரமா?"

"அளவு சரியாத்தாண்ணே எடுத்தேன். நீங்கதான் கரைஞ்சுட்டீங்க."

"கரையாம என்ன செய்வேன்? மாடிக்கு ஒரு கிலோவ விட்டுட்டுல்ல வரேன்!"

மருமகள் இடுப்பைப் பிடித்துத் தைத்தாள். மறுநாள் ஏறி வந்தார். இன்னும் இரண்டு அங்குலத்தைக் காணோம். மறுபடி பிடித்தாள். மறுபடி வந்தார். நாலே நடையில் நாற்பத்தாறு முப்பத்தெட்டுக்கு இறங்கியது. இதில் ஓர் அங்குலம்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

ஏறி வந்த எல்லாருக்கும் இதே கதி. உடுப்பு ஆளுக்குச் சரியாகப் பொருந்திய பிறகுதான் கூலி வாங்குவது என்று மருமகள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். நல்ல பேர் வாங்கித் தந்த வழக்கம். இப்போது பதினேழு உடுப்புகள் கொடியில் தொங்கின. ஒன்றுக்கும் கூலி வரவில்லை.

"மாமா, திங்கக்கிழமையிலேர்ந்து நான் கார்மெண்ட் கம்பெனிக்குப் போயிடுறேன்" என்றாள்.

"பன்னெண்டு மணி நேரம் நிக்கணுமேம்மா. உன் முழங்கால் தாங்குமா?"

"தாங்காதுதான். மாசம் பொறந்தா சம்பளம் வருமில்ல."

குரலில் கோபம்கூட இல்லை. கோபப்படவும் வயிற்றில் ஏதாவது இருக்க வேண்டும்.

"மாடி ஏறுறதாலதானே ஆள் இளைக்கிறான்? மெஷினைக் கீழ இறக்குங்க" என்றேன். மகன் அதைத் தோளில் தூக்கி இறங்கினான். தரைத்தளத்தில் எங்கே போடுவது? திறந்து கிடந்த லிஃப்டில் போட்டோம். அளவு பார்க்க உள்ளே கண்ணாடியும் இருந்தது.

செயலாளர் ஓடி வந்தார். "என்ன பெரியவரே, லிஃப்டுக்குள்ள கடையா?"

"லிஃப்டா? அது ஓடுமே தம்பி. இது நிக்குதே!"

அவர் யோசித்தார். கையோடு மாத வாடகையும் சொன்னார்.

"நின்ன லிஃப்டுக்குமா வாடகை?"

"எல்லாம்தான் ஏறுது பெரியவரே."

மளிகைக்காரர் லிஃப்டுக்குள் நின்று பேண்ட்டைப் போட்டுப் பார்த்தார். அச்சில் வார்த்தது போல் நின்றது. எனக்குத்தான் பயம்: படி ஏறுவது நின்றுபோனால், கல்யாணத்துக்குள் மனிதர் பழையபடி ஊதிவிட்டால்?

"பயப்படாதீங்க பெரியவரே. நான் விக்கிற விலைக்கு என்னாலயே வாங்கித் திங்க முடியல" என்று முழுக் கூலியையும் எண்ணி வைத்தார்.

அவருக்குப் பின்னால் நாலு பேர் நின்றார்கள். திங்கட்கிழமையும் வந்தது. மருமகள் லிஃப்டில்தான் இருந்தாள்.

"மாமா, ரெண்டு மணியாச்சு. மேல போய் சாப்பிட்டு வாங்க" என்றாள்.

நான் படிக்கட்டைப் பார்த்தேன்.

"பசிக்கலம்மா."

"எனக்கும்தான்" என்று சொல்லிவிட்டு, அவள் மெஷினை மிதித்தாள்.