நூற்றுப் பன்னிரண்டு வரிசை

...எண்ணிக்கையில் தப்பில்லை, இதோ மறுபடியும் எண்ணிவிட்டேன், நூற்றுப் பன்னிரண்டு வரிசை, வலது கையிலும் நூற்றுப் பன்னிரண்டு, அதே கம்பளி நூல், அதே ஊசி, கண்ணிகளைக் கூட்டியதும் அதே இடங்களில்தான், ஆனாலும் ஸ்வெட்டரின் இடது கை இரண்டு விரற்கடை குட்டை, மூன்று தடவை பிரித்துப் பின்னியும் அதே இரண்டு விரற்கடை, எங்கே போகிறது அந்த நீளம்? லிஃப்ட் ஏழாம் மாடியில் அரை அங்குலம் தாழ்ந்து நின்றால் ஏனென்று கால் மணியில் சொல்லிவிடுவேன், இருபத்தாறு வருடத் தொழில், இது வெறும் நூல், இதற்கு மோட்டார் கிடையாது, பிரேக் கிடையாது, தேய என்று ஒரு பாகம் கிடையாது... ஒன்பது மாடிக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில், கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து மடியில் ஸ்வெட்டரின் இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு, தரையில் கயிறுகள் இறங்கும் துளை வழியாகப் பல்லியின் குரல் எப்போது வரும் என்று ஒரு காதைக் கொடுத்தபடி. பல்லி என் கூட்டாளி, கீழே லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று கயிறுகளைத் துணியால் துடைத்துப் பார்க்கிறான், அவன் கூப்பிட்டால் எழுந்தாக வேண்டும்.

இன்னும் பத்தொன்பது நாள். அதற்குப் பிறகு என் மனைவி ஒரு குளிர் ஊருக்குப் போய்விடுவாள், பதவி உயர்வோடு மாற்றல், குறைந்தது இரண்டு வருடம், நான் இங்கே. சிகரெட்டை விட்டபோது கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்று டாக்டர் சொல்லப்போய் அவளுக்கென்று இந்தப் பின்னலைத் தொடங்கியது, மூன்று வருடமாகிறது, முன்பக்கம் ஆயிற்று, பின்பக்கம் ஆயிற்று, வலது கை ஆயிற்று, அங்கேயே நிற்கிறது. பரணில் பாதிப் படகு ஒன்று கிடக்கிறது, மரத்தில் செய்தது, அதற்குப் பக்கத்தில் கீபோர்டு, அதற்கடியில் மாலைக் கல்லூரிப் புத்தகங்கள், ஒரே ஒரு பேப்பர் பாக்கி, ஒரே ஒன்று, மகள் அதற்கு அப்பா மியூசியம் என்று பெயர் வைத்திருக்கிறாள், டிக்கெட் போடலாம் என்கிறாள். மகள் கேலி செய்வது பரவாயில்லை. இவள் செய்வதில்லை. காலையில் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல், "முடிஞ்சா போட்டுக்கிறேன், இல்லேன்னா அங்க போய் ஒண்ணு வாங்கிக்கிறேன், நீங்க இதுக்குப்போய் மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருக்கலாம். ஒரு குத்தல் இருந்திருக்கலாம். இல்லை, பால் தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள், எதிர்பார்ப்பதை எப்போது நிறுத்தினாள், எனக்குத் தெரியாமல் எந்த நாளில்? கடையில் வாங்கியதைப் போட்டுக்கொண்டு அவள் அங்கே இறங்கினால் பிறகு நான் எதைத் தொடங்கினாலும், ஐம்பத்தொரு வயதில், யார் நம்பப்போகிறார்கள், நானே...

"அத்தை, மூணாவது கயித்துல இழை விட்டிருக்கு, எறங்கி வந்து பாரு" என்று துளைவழியே பல்லி. நூலைக் கையில் எடுத்த நாளிலிருந்து தொழிற்கூடம் முழுக்க நான் அத்தைதான். இறங்கிப் போய்ப் பார்த்தேன், ஐந்து கயிற்றில் நடுக்கயிறு, மெல்லிய கம்பிகள் நான்கைந்து அறுந்து முள்போல் நீட்டிக்கொண்டிருந்தன. அதற்குள் கட்டட மேனேஜர் ஒன்பது மாடியும் படியேறி வந்துவிட்டார், மூச்சு வாங்க, ஒன்றுதானே போயிற்று, அதை மட்டும் மாற்றிவிட்டுப் போங்களேன் என்றார். மற்ற நாலும் நல்லாத்தானே இருக்கு என்றார்.

"நல்லாத்தான் இருக்கு சார். அதுதான் பிரச்சினையே."

எனக்குப் பிடித்த இடம் இது, எத்தனை பேருக்குச் சொன்னாலும் சலிக்காது. புதுக் கயிறு முதல் சில மாதம் நீளும், பழையவை நீண்டு முடித்துவிட்டன, நீளுகிற ஒன்று தொய்ந்து கொடுக்கும், நீளாத நான்கும் அதன் பாரத்தையும் வாங்கிக்கொண்டு சீக்கிரம் தேயும், எந்தக் கயிறும் கெட்டதல்ல, ஆனால் வெவ்வேறு காலத்துக் கயிறுகள் ஒரே பாரத்தை ஒரே மாதிரி தூக்காது, ஆகவே நல்லதையும் கழற்றிவிட்டு ஐந்தையும் ஒரே உருளையிலிருந்து, ஒரே நாளில்... வாய் பாதியில் நின்றுவிட்டது. மேனேஜர் என்னையே பார்த்தார். பல்லிதான் மிச்சத்தைச் சொல்லி முடித்தான்.

வெவ்வேறு காலம். ஸ்வெட்டரின் வலது கையை எப்போது பின்னினேன்? கால் எலும்பு முறிந்து வீட்டில் கிடந்த நாற்பது நாளில், போனை யாரோ வாங்கி வைத்துவிட்டார்கள், அவள் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரிப்பாள், அவசரமே கிடையாது. இடது கையை இது மாதிரி மோட்டார் அறைகளில், எந்த நிமிடமும் யாரோ எங்கோ மாட்டிக்கொண்டார்கள் என்று போன் வரும், அதோடு அந்த மாற்றல் உத்தரவு. மேலே ஓடிவந்து ஊசியைத் தள்ளிப் பார்த்தேன், இடது கையின் கண்ணிகள் நகரவே மறுக்கின்றன, ஆள்காட்டி விரலில் நூல் அறுத்த கோடு. இறுக்கி இழுத்திருக்கிறேன், ஒவ்வொரு கண்ணியையும், வரிசைக்குக் கால் மில்லிமீட்டர், நூற்றுப் பன்னிரண்டு தடவை, அதுதான் அந்த இரண்டு விரற்கடை. சரி, இனி தளர்வாகப் பின்னினால்? அந்த நாற்பது நாளின் கை எனக்கு எங்கே கிடைக்கும், இந்தப் பத்தொன்பது நாளில், பெட்டி திறந்தபடி கிடக்கும் வீட்டில்? கிடைக்காது. அதற்காகக் காத்திருந்துதான் மூன்று வருடம்.

வலது கையையும் பிரிக்க வேண்டும். மூன்று வருடத்தில் குறையில்லாமல் முடித்த அந்த ஒன்றையும். நீள ஊசி ஒன்றில் இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஏற்றி, தனித்தனி உருண்டையிலிருந்து இதில் ஒரு வரிசை, உடனே அதில் ஒரு வரிசை, அன்றைக்கு என் விரல் எப்படி இழுக்கிறதோ அது இரண்டிலும் விழட்டும். நாளுக்கு இதில் ஏழு வரிசை, அதில் ஏழு, பதினாறு நாள். தைக்க மூன்று நாள்.