இடக்கை முடிச்சு

காகித ஆலையில் என் வேலை வெட்டுவது. மரம் வெட்டுவதல்ல, அதற்கு இயந்திரம் இருக்கிறது. நான் வெட்டியது சணல் நார். சாக்கு தைக்கிற சணல் இல்லை இது, கஞ்சாச் செடிக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை என்று ஆலையில் எல்லோருக்கும் தெரிந்துபோனதால், நான் பீடி பற்றவைத்தால் கூட, "என்ன, சரக்கு சோதனையா?" என்பார்கள். போதை இல்லாத இனம் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்து, கடைசியில், "ஆமா, வா, ஆளுக்கொரு இழுப்பு" என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

மரம் வளரப் பல வருஷம் ஆகும், இது சில மாதத்தில் ஆள் உயரம் தாண்டிவிடும் என்று முதலில் சொன்னவர் மேலாளர். தடித்த கண்ணாடி போட்டிருப்பார்; எங்களுக்கு அவர் பெயரே கண்ணாடிதான். ஒரு நாள் பெரிய இயந்திரத்தில் சணலை ஓட்டிப் பார்ப்பது, ஓடினால் யார் விளைவித்தாலும் ஆலை வாங்கிக்கொள்வது, ஓடாவிட்டால் பழையபடி மரம். இதுதான் பேச்சு. அதை நம்பி எங்கள் நிலம் முழுக்க விதைத்தோம்.

எங்கள் நிலம் என்றால் என் மனைவியின் நிலம். மாமனார் இரண்டு பெண்களுக்கும் பாதிப் பாதி கொடுத்தார். மூத்தவள் தன் பாதியை விற்றுப் புருஷனுக்கு லாரி வாங்கிக் கொடுத்தாள். அவர்தான் என் சகலை. ஆலைக்கு மரம் ஏற்றி வருகிற லாரி அது.

விதைத்த அன்று சகலை தன் லாரியிலேயே விதை மூட்டைகளை ஏற்றி வந்தார். மூட்டைகளை இறுக்கிக் கட்டியிருந்த கயிற்றை என் மனைவி அவிழ்க்கப் பார்த்தாள். நகத்தால் நோண்டினாள், பல்லால் கடித்தாள். அசையவில்லை.

"என்ன மாமா, முடிச்சா இல்ல பூட்டா?"

"இது இடக்கைக்காரன் முடிச்சு. இதை அவிழ்க்க உலகத்துல ரெண்டு பேராலதான் முடியும். ஒண்ணு நான், இன்னொண்ணு உங்க அக்கா. கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் போடுற முடிச்செல்லாம் அவதானே அவிழ்க்குறா?"

சிரித்துக்கொண்டே இடது கையால் ஒரு சுண்டு சுண்டினார். அவிழ்ந்தது. அன்று பொழுது சாயும் வரை எங்களோடு விதை தூவினார். ஒரே தட்டில் சாப்பிட்டோம்.

சணல் நாருக்கு நீளம்தான் பலம், நீளம்தான் தொல்லை. விரல் நீளத்துக்கு வெட்டித்தான் வேகவைக்க வேண்டும். வெட்டாத நார் கூழ்த்தொட்டிக்குள் விழுந்தால், உள்ளே சுற்றும் தண்டைப் பிடித்துக்கொண்டு தானே கயிறு திரித்துக்கொள்ளும். அப்புறம் தண்டு நிற்கும், மோட்டார் புகையும். அதனால்தான் வெட்டும் வேலையை என்னிடம் கொடுத்தார் கண்ணாடி. "உங்க வயல் சரக்கு, நீங்களே பொறுப்பா வெட்டுங்க" என்றார்.

ஓட்டிப் பார்க்கிற நாளுக்காக வயலில் ஒரு மூலையை மட்டும் அறுத்து, ஊறப்போட்டு, நார் உரித்தோம். அந்த நாற்றத்தில் கோழி கூட எங்கள் வாசலுக்கு வரவில்லை. என் மனைவியின் விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. நாற்பது வயதுக்கு மேல் எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவை அந்த விரல்கள்தான். சணல் காகிதம் வந்தால், அதில் முதலில் அவள் பெயரை எழுதிக்கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

அன்று காகிதம் வாங்கும் பெரிய ஆட்கள் வந்திருந்தார்கள். சுமக்க ஆள் போதவில்லை. லாரியை ஓரங்கட்டிவிட்டு சகலை வந்தார். "தள்ளு சகல, நானும் ஒரு கை குடுக்குறேன்" என்று மூட்டைகளைத் தொட்டி மேடைக்குத் தூக்கினார். எனக்குக் கண் கலங்கியது. கூடப் பிறந்தவன் கூட இப்படி வரமாட்டான் என்று நினைத்தேன்.

இயந்திரம் ஓடியது. மறுமுனையில் பாலாடை நிறத்தில் காகிதம் வந்தது. கண்ணாடி ஒரு துண்டை எடுத்துக் கிழிக்கப் பார்த்தார், லேசில் கிழியவில்லை. வந்தவர்களிடம் அதை நீட்டிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்பு முடிவதற்குள் தொட்டிப் பக்கம் மாடு முக்குவது போல ஒரு சத்தம். கருகின வாடை. எல்லாம் நின்றது.

"வெட்டினது யாரு?" என்று கேட்டார் கண்ணாடி. அவருக்குத் தெரியாதா? வந்தவர்கள் காதில் விழ வேண்டும் என்றுதான் கேட்டார். நான் கையைத் தூக்கினேன். அவர்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கிளம்பிப் போனார்கள். "சணல் நம்ம மெஷினுக்கு ஒத்து வராது. விடுங்க" என்று அவரும் போய்விட்டார்.

தொட்டியை வடித்துவிட்டு, கத்தியோடு நான்தான் உள்ளே இறங்கினேன். தண்டைச் சுற்றி என் இடுப்புப் பருமனுக்கு நார் திரண்டிருந்தது. என் கண்ணுக்குத் தப்பி ஒரு கட்டு போய்விட்டதோ என்று என்னையே திட்டிக்கொண்டு அறுத்தேன். நடுவில் நைலான் கயிறு அகப்பட்டது. நாங்கள் கட்டுகளை நாராலேயேதான் சுற்றிச் செருகுவோம், கயிறு போடுவதில்லை. இது லாரிக் கயிற்றின் துண்டு. அதில் அந்த முடிச்சு.

சகலை லாரி டயரில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் கயிற்றை நீட்டினேன். பார்த்தார். மறைக்கவும் இல்லை, பதறவும் இல்லை.

"அவசரத்துல வெட்டாத கட்டு ஒண்ணு கயித்தோட போயிடுச்சு."

"அவசரமா? சகல, நீதானே விதை தூவ வந்தே?"

"அப்போ இது ஓடும்னு நான் நெனைக்கலை."

அவர் என்னை அடித்திருந்தால் கூட அப்படி வலித்திருக்காது.

"மரம் ஓடுற வரைக்கும்தான் என் வண்டி ஓடும். பக்கத்து வயல் சணல் மாட்டு வண்டியிலயே ஆலைக்கு வந்துடும்" என்றார். "உனக்கு வயல் இருக்கு, நாளைக்கு வேற எதையாவது விதைப்பே. நான் லாரியையா விதைக்கிறது?"

"கண்ணாடிகிட்ட காட்டுறேன்."

"தாராளமா காட்டு. வந்தவங்க போயாச்சு. கயித்தைப் பார்த்ததும் கருகின மோட்டார் சுத்திடுமா? இல்ல, வீட்டுல சொல்லப்போறியா? சொல்லு. அக்காளும் தங்கச்சியும் அடிச்சுக்கட்டும்." கிளாஸைக் கவிழ்த்துவிட்டு வண்டியில் ஏறிவிட்டார்.

வீட்டுக்குப் போனபோது விஷயம் எனக்கு முன்பே போயிருந்தது. அண்ணி, அதுதான் என் மனைவியின் அக்கா, சோறு ஆக்கி எடுத்து வந்து தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என் மனைவி எழுந்திருக்கவில்லை.

"ஏங்க, உங்க கைத் தப்பா?"

"விடுடி. தம்பி வேணும்னா செஞ்சாரு?" என்றாள் அண்ணி. "மனுஷனுக்குக் கண்ணு அசராதா? முதல்ல சாப்பிடட்டும்."

"சாப்பாடு கிடக்கட்டும்க்கா. எம்மாம் பாடு பட்டோம்! ஒரு கட்டு, ஒரே ஒரு கட்டைப் பார்த்துப் போடக் கூடாதா?" அவள் என்னையே பார்த்தாள். "சொல்லுங்க. நீங்க வெட்டாம விட்டீங்களா?"

இல்லை என்றால் அக்காவைத் தொலைப்பாள். ஆமாம் என்றால் என்னைத் தொலைப்பாள். சட்டைப் பையிலிருந்த கயிற்றை எடுத்துத் தரையில் வைத்தேன். "தண்டுல சுத்தியிருந்துச்சு" என்று மட்டும் சொன்னேன்.

என் மனைவி அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். நகத்தால் நோண்டினாள். ஈரத்தில் இறுகிக் கிடந்தது. "என்ன இழவு முடிச்சு இது" என்று பல்லுக்குக் கொண்டுபோனாள்.

"பல்லு போயிடும், இப்படிக் குடு" என்று அண்ணி வாங்கினாள். வேறு ஏதோ நினைவில், தினமும் செய்கிற வேலை போல, இடது பக்கம் ஒரு சுண்டு சுண்டினாள்.

அவிழ்ந்தது.

அண்ணியின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது. என் மனைவி கயிற்றைப் பார்த்தாள், பிறகு அக்காவின் கையைப் பார்த்தாள். அண்ணி எழுந்தாள். கயிற்றை முந்தானையில் முடிந்துகொண்டு, செருப்பைக் கூடப் போடாமல், கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

வயலில் மிச்சச் சணல் தலைக்கு மேல் நிற்கிறது. ஆலை இனி வாங்காது; வெளியூருக்கு அதை ஏற்றிப் போக ஊரில் இருப்பது ஒரே லாரி.