எருக்கம்பூ மாட்டிவிட்டது

அந்தி சாய்ந்து தேனீயெல்லாம் அடைந்ததும் பெட்டியோடு கொளுத்திவிடலாம் என்று அன்பரசு சொன்னபோது கமலவேணி பெட்டிக்குக் குறுக்கே போய் நின்றாள். மாதக்கணக்கில் போர்க்கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு வடக்கே சுற்றிவிட்டு வரும் புருஷன். வந்த அன்றைக்கே தீப்பெட்டியை எடுக்கிறாரே! முருங்கைக் காட்டில் அவள் ஆசையாய் வைத்திருக்கும் ஒரே பெட்டி அது. ஆனால் அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. சில நாளாகவே தேனீக்களின் காலில் மஞ்சளாக ஏதோ ஜோடி ஜோடியாகத் தொங்கியது. மகரந்தத்தை அவளுக்குத் தெரியாதா? தொட்டால் மாவாக ஒட்டும். இது தேய்த்தாலும் உதிரவில்லை. ஒன்று அதை இழுத்துக்கொண்டு நொண்டி நொண்டிப் பெட்டி வாசலில் ஏறியது.

"சீக்கு வேணி. பக்கத்துக் காட்டுச் சின்னுசாமி அண்ணன் பெட்டிக்கும் பரவுச்சுன்னா நம்மளச் சும்மா உடுவாரா?"

"பொழுது எறங்கற வரைக்கும் பொறுங்க. எங்கிருந்து வாங்கியாருதுன்னு பாத்துட்டு வாரேன்."

தேனீக்கள் பறந்த திசையிலேயே போனாள். வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் எருக்கம்புதர். பிள்ளையார் மாலைக்குப் பறிப்பதோடு சரி, அந்தப் பூவை அவள் உற்றுப் பார்த்ததே இல்லை. குந்தி உட்கார்ந்தாள். தேன் குடிக்க வந்த ஒன்றின் கால் பூவின் சந்துக்குள் வழுக்கி மாட்டிக்கொண்டது. சிறகடித்து இழுத்தது.

"இழுடி, மடச்சி, இழு!" என்று வாய்விட்டே கத்திவிட்டாள்.

கால் விடுபட்டது. அதில் மஞ்சள் ஜோடி! அட, இதுதானா சீக்கு? எருக்கு மகரந்தத்தைத் தூளாகக் கொட்டாமல் பொட்டலமாகக் கட்டி, வருகிறவள் காலில் மாட்டி அனுப்புகிறது. அதே தேனீ அடுத்த பூவிலும் கால் சறுக்கி மீண்டபோது, ஒரு பொட்டலத்தை அந்தப் பூ வாங்கி வைத்துக்கொண்டது. இப்படித்தான் காய் பிடிக்கிறதாக்கும்! சந்தோஷம் தாங்காமல் புருஷனைக் கூவி அழைத்தாள்.

வாய்க்காலில் இறங்கி வந்தவர் நெடுநேரம் பார்த்தார்.

"சரி, சீக்கில்ல. ஆனா பாவம், நொண்டுதே. செடிய வெட்டிப்போடட்டா?"

"ஏனுங்க, நீங்களுந்தான் ஊரூராச் சேத்தக் கால்ல அப்பிக்கிட்டு வாறீங்க. ஊட்டுக்குள்ள உடாமயா இருக்கறேன்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருட்டும் நேரம் பெட்டியருகே நின்றார்கள். கடைசியாக வந்த நொண்டியைக் காவல் தேனீ மோந்து பார்த்துவிட்டு விலகி வழிவிட்டது. அன்பரசு தீப்பெட்டியை அவளிடம் நீட்டினார்.

"அடுப்புக்கு வெச்சுக்க."

வீட்டு வாசலுக்கு வந்ததும் குனிந்து பார்த்தார். முழங்கால் வரைக்கும் வாய்க்கால் சேறு. தயங்கி நின்றார்.

"உள்ள வாங்க சாமி," என்றாள் கமலவேணி அடுப்படியிலிருந்து.

வாசற்படியிலிருந்து அடுப்படிவரை ஈரக் கால்தடம் பதிந்துகொண்டே போனது.