சூட்டோடு மூடிய டப்பா

1

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். அப்போதைக்கு அப்போது அரைத்த காபிப்பொடிதான் உசத்தி என்று வாதாடப்போகும் இந்தக் கதையை, காப்ஸ்யூல் காபி குடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். மச்சினன் பரிசாகக் கொடுத்த மிஷின். காப்ஸ்யூலைப் போட்டுப் பட்டனை அமுக்கி, காலிக் கூட்டைத் தூக்கி எறிந்தால் வேலை முடிந்தது. நேற்று குப்பைக்கூடையைக் கவிழ்த்தபோது நாற்பது கூடுகள் உருண்டோடின. வெட்கமாகப் போய்விட்டது. அந்த வெட்கத்தில் பிறந்தவள் ஹபீபுன்னிசா.

2

கோட்டைமேட்டின் அதிகாலையில் வறுத்த கொட்டையின் மணம்—

வேண்டாம். மணத்தில் தொடங்கினால் எனக்கே கொட்டாவி வருகிறது. அவளுடைய பயத்தில் தொடங்குகிறேன்.

கோட்டைமேட்டில் காபிப்பொடி அரைக்கும் கடை அவளுடையது. சிங்காநல்லூர் தம்பிதுரையின் மூன்று ஓட்டல்களுக்கும் அவள் பொடிதான். அந்த ஆர்டர் போனால் கடைக்குப் பூட்டுத்தான். தம்பிதுரை இப்போது காப்ஸ்யூலுக்கு மாறப் பார்க்கிறார். "ரெண்டையும் குடிச்சுப் பாத்துப்போட்டு முடிவு சொல்றனுங்க அம்மணி. காலைல ஒம்பது மணிக்கு ஓட்டலுக்கு வாங்க" என்றிருந்தார்.

(நோன்பு மாதம். தான் போடும் காபியை அவளால் ருசி பார்க்க முடியாது. வேண்டுமென்றேதான் இப்படி வைத்தேன்.)

3

காப்ஸ்யூல் கம்பெனி ரவிதேஜாவை முதல் பிரதியில் வில்லனாக்கி, தலையில் அரைப்படி எண்ணெய் வழியவிட்டிருந்தேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டவனே அவன்தான்.

அவன் மிஷின் அரை நிமிடத்தில் காபி தந்தது. "பரவால்லைங்க" என்றார் தம்பிதுரை.

ஹபீபுன்னிசா கொதிக்கும் பாலில் டிகாக்‌ஷனை ஊற்றினாள். ஆவி மூக்கில் ஏறியது. ஈரச் சாக்கு வாடை.

அரைத்த பொடி மிஷினிலிருந்து சூடாக விழும். தாளில் பரப்பி ஆறவிட்டுத்தான் மூட வேண்டும். பதினெட்டு வருடமாகக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லியே வாய் வலித்தவள், இன்று பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் டப்பாவைச் சூட்டோடு மூடிவிட்டாள். பொடி உள்ளேயே வேர்த்துவிட்டது.

ஒருவேளை மூக்கு பொய் சொல்கிறதோ? ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் தெரிந்துவிடும். அவள் வைக்க மாட்டாள்.

தம்பிதுரை டம்ளரை எடுத்தார்.

4

முடிவு ஒன்று: அவர் குடித்துவிட்டு "அட்டகாசமுங்க" என்கிறார். எழுதிக் கிழித்தேன், பச்சைப் பொய்.

முடிவு இரண்டு: முகம் சுளிக்கிறார், அவள் பையைத் தூக்கிக்கொண்டு— இதை முடிக்க எனக்கு மனசு வரவில்லை.

நான் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே அவள் பேசிவிட்டாள்.

"ஏனுங்க, குடிக்காதீங்க!"

டம்ளர் உதட்டருகே நின்றது.

"தப்பு என்ரதுங்க. பொடியச் சூட்டோட மூடிப்போட்டேன். இத என்ர கடைக் காபின்னு நெனச்சுப்போடாதீங்க." பையிலிருந்து கையால் சுற்றும் சின்ன அரைக்கும் மிஷினையும் ஒரு பொட்டலம் வறுத்த கொட்டையையும் எடுத்தாள். சும்மா காட்டுவதற்காகக் கொண்டுவந்தவை. "இங்கயே அரைக்கறனுங்க. கால் மணி நேரம் குடுங்க."

"பதினொண்ணுக்கு தாராபுரத்துல இருக்கோணுமுங்களே. வண்டி வெளிய நிக்குது."

"இதுக்குத்தான் சார் காப்ஸ்யூல்" என்றான் ரவிதேஜா மெதுவாக. "தப்பே நடக்காதுங்க."

(அவன் சொல்வது உண்மை. பல மாதம் முன்பு எங்கோ அரைத்து அடைத்தது, நூறாவது கப்பிலும் அப்படியே இருக்கும். அது கெட்டுப்போனால் 'குடிக்காதீங்க' என்று கத்த மட்டும் பக்கத்தில் ஆள் இருக்காது.)

அவள் கொட்டையைப் போட்டுச் சுற்றினாள். பொடியை ஒரு காகிதத்தில் பரப்பி, விசிறி, ஆறியபின் ஃபில்டரில் இட்டு வெந்நீர் ஊற்றினாள். கதவுவரை போய்விட்ட தம்பிதுரை, பிடியில் கை வைத்தபடி திரும்பினார். வாசனை அவரிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

5

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. என் காப்ஸ்யூல் காபி ஆறிக் கிடக்கிறது, எனக்கு நியாயம் சொல்லும் யோக்கியதையும் இல்லை.

டிகாக்‌ஷன் இறங்க இன்னும் பத்து நிமிடம் ஆகும். வெளியே டிரைவர் ஹாரன் அடிக்கிறான். தம்பிதுரையின் இடத்தில் நீங்கள் வந்து நில்லுங்கள். கதவுப்பிடியில் இருப்பது உங்கள் கை. அவள் உங்களைப் பார்த்துக் கெஞ்சவில்லை, ஃபில்டரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

முதல் சொட்டு விழுந்துவிட்டது.