சங்கிலியாரின் வால்

சங்கிலியாருக்கு அறுபத்திரண்டாவது வயதில் வால் முளைத்தது. அதே வாரத்தில் தண்ணீர் வரியும் ஏறியதால் ஊர் முதலில் வரியைப் பற்றித்தான் பேசியது. வாலுக்கு வந்துசேர நாலைந்து நாள் ஆயிற்று. நடுத்தர நீளம், சாம்பல் நிறம், நுனியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், வால் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது, முழங்கால் தேய்மானத்தைத்தான் கவனிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

சங்கிலியார் என்பது பட்டப்பெயர். ஊர் நாய்களில் பாதிக்குமேல் அவரிடம் படித்தவை. பாடத்திட்டம் எளிமையானது: கழுத்தை இறுக்கும் சங்கிலி, கையில் பிரம்பு, தொண்டையில் ஓர் அதட்டல். அவரிடம் தேறிய நாய்கள் உட்காரச் சொன்னால் உட்கார்ந்தன; எழச் சொல்லும்வரை எழவில்லை; சில நாய்கள் சொன்ன பிறகும் எழவில்லை. வளர்த்தவர்கள் அதற்கு ஒழுக்கம் என்று பேர் வைத்தார்கள். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று அவர் அடிக்கடி சொல்வார்; அணைத்ததைப் பார்த்தவர்தான் யாருமில்லை. மனைவி போட்ட காப்பியை ஒருநாள்கூட முகம் சுளிக்காமல் குடித்ததில்லை. ஒரே மகள் வகுப்பில் முதலாவதாக வந்தபோது, மீதி மார்க்கு எங்கே போயிற்று என்று விசாரித்தார்.

அந்த மகள்தான் வெளியூர் போய் முறையாகப் படித்து வந்து, அதே தெருவின் மறுகோடியில், மூடிக் கிடந்த தச்சுப் பட்டறையின் முற்றத்தில் நாய்ப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் திறந்தாள். இடுப்பில் ஒரு பை, பையில் வாட்டிய ஈரல் துண்டுகள், கையில் அமுக்கினால் 'டிக்' என்கிற சின்னப் பெட்டி. நாய் நல்லது செய்தால் டிக், உடனே ஒரு துண்டு. கெட்டது செய்தால் காணாததுபோல் இருந்துவிட்டு, வேறொன்றைச் செய்ய வழிகாட்டுவாள். அடி இல்லை, அதட்டல் இல்லை. அப்பா அவளுக்கு பிஸ்கட் டீச்சர் என்று பேர் வைத்தார். லஞ்சம் கொடுத்து வேலை வாங்கத்தான் ஊரில் இத்தனை அலுவலகங்கள் இருக்கின்றனவே, அதற்கொரு பள்ளிக்கூடம் வேறா என்று டீக்கடையில் கேட்டார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துவிட்டு, நாய்க்குட்டிகளை மகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

ஒருநாள் காலை, சும்மா நடந்து போகிறவர்போல, அங்கே எத்தனை நாய் சேர்ந்திருக்கிறது என்று உளவு பார்க்கப் போனார். அந்த நேரம் பார்த்து ஒரு குட்டி கதவிடுக்கு வழியாக, லாரிகள் ஓடும் சாலைக்குப் பாயப் பார்த்தது. அவர் யோசிக்காமல் காலை நீட்டிக் கதவைச் சாத்தினார். மகளின் கை அவளைக் கேட்காமலே பெட்டியை அமுக்கிவிட்டது. "ரொம்ப நல்லது," என்று பழக்கதோஷத்தில் சொல்லி, அவருடைய உள்ளங்கையில் ஓர் ஈரல் துண்டையும் வைத்தாள். இருவரும் விறைத்து நின்றார்கள். அவரைப் பார்த்து அந்த வார்த்தையை அதுவரை யாரும் சொன்னதில்லை. பெற்றவர்களும் இல்லை, பள்ளிக்கூடத்து வாத்தியார்களும் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் துண்டை வாயில் போட்டு மென்றுகொண்டே வீடு திரும்பினார். மறுநாள் காலை பேண்ட் இடுப்பில் ஏறவில்லை.

நாற்பது வருடம் நாலுகால் ஜீவன்களை அடக்கியவருக்குச் சொந்த வாலை அடக்க வரவில்லை. காப்பி வந்தது; முகம் வழக்கம்போல் சுளித்தது; வால் நாற்காலிக் காலில் தபதபவென்று அடித்தது. மனைவி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இத்தனை வருஷமா கசக்குது கசக்குதுன்னீங்களே."

"கசக்கத்தான் செய்யுது."

"வாலு அப்படிச் சொல்லலையே."

அவள் மகிழ்ந்துபோயிருப்பாள் என்று நினைப்பவர்கள் கல்யாணம் ஆகாதவர்கள். அவள் அவரோடு பேச்சை நிறுத்தினாள். காப்பி மட்டும் வந்தது, நிஜமாகவே கசப்பாக. வால் அதற்கும் ஆடியது.

மானம் போனது அதனால் இல்லை. மருந்துக்கடைக்காரரின் கரடி என்கிற நாய், சங்கிலியாரிடம் முதல் வகுப்பில் தேறியது, ஒருநாள் கடைக்காரரின் மச்சானைக் கடித்துவிட்டது. ஊரில் பலர் செய்ய நினைத்ததைத்தான் அதுவும் செய்தது. ஆனாலும் நாய் செய்தால் குற்றம். ஊசி போட்டு முடித்துவிடுவது என்று முடிவாயிற்று. கால்நடை மருத்துவர் விடுப்பில் இருந்ததால், அதற்குள் கடைசி முயற்சியாகச் சங்கிலியாரை அழைத்து வந்தார்கள். பிரம்பும் சங்கிலியுமாக வாசலில் நின்று "உட்காரு" என்று அவர் போட்ட அதட்டலில் தெரு அதிர்ந்தது. அதே கணம் அவருடைய வால் சுருண்டு, இரண்டு கால்களுக்கும் நடுவே புகுந்து, வயிற்றோடு ஒட்டிக்கொண்டது. மாடிகளில் நின்றவர்கள் பார்த்தார்கள். கரடியும் பார்த்தது, அதன் வாலும் அதே இடத்தில்தான் இருந்தது. சங்கிலியாருக்கு நாய் என்றால் பயம். நேற்று வந்த பயமல்ல, முதல் நாயின் கழுத்தில் முதல் சங்கிலியை மாட்டிய நாளிலிருந்தே இருக்கிற பயம். குரைக்கிற நாய் கடிக்காது என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். சொன்னது கரடியைப் பற்றி இல்லை.

அவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மருத்துவர் திரும்பும்வரை என்று தவணை கேட்டுக் கரடியை முற்றத்துக்கு அழைத்துப் போன மகள், இரண்டாம் நாள் அப்பாவைத் தேடி வந்தாள்.

"அது பயத்துலதான் கடிச்சுது. அதுக்கு உங்க குரல்னாதான் பயம்பா. அந்தக் குரல் வேற யார்கிட்டயும் இல்லை."

"நான் வந்து என்ன கிழிக்கப் போறேன்?"

"ஒண்ணும் செய்ய வேணாம். தூரத்துல உட்காருங்க. முடியலைன்னா எழுந்து போயிடலாம். அதுவும் போகலாம், நீங்களும் போகலாம்."

"எனக்கொண்ணும் பயமில்லை."

அவள் அவருடைய செருப்பை எடுத்து வாசலில் வைத்தாள். தவறான நடத்தையைக் காணாததுபோல் இருப்பது அவள் தொழில்.

ஒரு மூலையில் நாய், எதிர்மூலையில் அப்பா. நாய் அவரைப் பார்த்துவிட்டு உறுமாமல் முகத்தைத் திருப்பினால் டிக், ஈரல். அப்பா நாயைப் பார்த்துவிட்டு அதட்டாமல் இருந்தால் டிக், வறுத்த கடலை. தினமும் நாற்காலி ஒரு கை தூரம் நகர்ந்தது. சில நாள் பின்னாலும் நகர்ந்தது. மதிலேறி வேடிக்கை பார்த்தவர்கள் சலித்துப்போய் இறங்கினார்கள், நல்ல பயிற்சியைப் போல அலுப்பான காட்சி உலகத்தில் இல்லை. கடலைக்காகத்தான் வருகிறேன் என்று அப்பா சொல்லிக்கொண்டார். டிக் சத்தத்துக்கே வால் ஒருமுறை துள்ளியதை அவரால் மறைக்க முடியவில்லை.

மருத்துவர் வர வேண்டிய நாளுக்கு முந்தைய மதியம், தெருவில் ஒரு லாரி டயர் வெடித்தது. நாயும் அப்பாவும் ஒரே பாய்ச்சலில் பழைய தச்சுமேசைக்கு அடியில் புகுந்தார்கள். மகள் போட்டு வைத்திருந்த திட்டத்தில் அது இல்லை. பதறிக் குனிந்து பார்த்தாள். இருவரும் ஒட்டி உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார்கள். கரடியின் மோவாய் அவர் முழங்காலில் இருந்தது. அவர் கை கரடியின் கழுத்தில் இருந்தது. அங்கே சங்கிலி கிடந்த இடத்தில் வளையம் போல முடி உதிர்ந்து வழுக்கையாக இருந்தது. அவருடைய விரல் அந்த வளையத்தைச் சுற்றி வந்து, புறப்பட்ட இடத்திலேயே நின்றது.

"இங்க முடி முளைக்குமா?"

"மெதுவா முளைக்கும்பா."

அவள் பெட்டியை அமுக்கவில்லை. மறந்துவிட்டாள் என்று பின்னால் சொன்னாள். நாய்கள் விஷயத்தில் அவள் எதையும் மறப்பவள் அல்ல.

மறுநாள் வந்த மருத்துவர், அப்பாவின் செருப்பில் தலை வைத்துத் தூங்கிய கரடிக்குத் தடுப்பூசி மட்டும் போட்டார். மச்சான் ஆட்சேபித்தார். அவரை யாரும் கேட்கவில்லை.

அதன்பின் சங்கிலியார் தினமும் முற்றத்துக்கு வந்தார். வாய் திருந்தவில்லை. மகள் கயிறு பிடிப்பது சரியில்லை, குட்டிகளுக்குச் செல்லம் அதிகம் என்பார். கால் ஊனமான ஒரு குட்டியை அவள் பொறுமையாக முதல் படி ஏற வைத்த அன்று, "சுமார்தான்" என்றார். பின்னால் ஸ்டூலில் இருந்த டம்ளரை வால் தட்டி உருட்டியது.

"தெரியுதுப்பா," என்றாள் மகள். துணி எடுத்துவந்து அவளே தரையைத் துடைத்தாள்.

வருடங்கள் போயின. தையல்காரர் கேட்காமலே வாலுக்கு அளவெடுத்தார். மனைவி பேச்சைத் தொடங்கினாள். எதைக் கேட்டாலும் பதிலுக்கு அவர் முகத்தைப் பார்க்காமல் நாற்காலியின் பின்பக்கம் பார்த்துக்கொண்டாள். ஒருநாள் நெரிசலான பஸ்ஸில் அவர் படியில் தொற்றிக்கொண்டு நிற்க, கண்டக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "பெரியவரே, வாலை உள்ள எடுங்க, கதவை மூடணும்," என்றார். அவர் எடுத்துக்கொண்டார். கதவு மூடியது, பஸ் கிளம்பியது.