பனி படிந்த முகம்

மேக்கப் அக்காவுக்குத் தனியாகக் கிடைத்த முதல் கல்யாணம் அது. இதில் பெயர் எடுத்தால்தான் சொந்தத் தொழில். கோட்டைவிட்டால் பழைய பார்லர் முதலாளியம்மா முகத்தில்தான் மறுபடி முழிக்க வேண்டும்.

கல்யாணப் பெண் கேட்டது ஒன்றே ஒன்று: பனி படிந்த முகம். விடியற்காலையில் இலைமேல் இருக்குமே, அந்த ஈரப் பளபளப்பு. பவுடர் கூடவே கூடாதாம். அக்காவும் மெனக்கெட்டாள். கன்னத்தில் க்ரீமை விரலால் ஒற்றி ஒற்றி, மூக்கு நுனியில் துளி மினுக்கு வைத்து, மேலே புஸ் புஸ்ஸென்று நீரைத் தூவினாள். அவள் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது. பிரஷ்களைக் கழுவ எழுந்து போனாள். போனதுதான் தப்பு.

திரும்பி வந்தால் பெண்ணின் சித்தி நிற்கிறாள். பிள்ளைக்கு இப்படி வேர்த்து ஊற்றுகிறதே, கேட்க நாதியில்லையா என்று கைக்குட்டையால் அழுத்தித் துடைத்து, தன் கைப்பையிலிருந்த பவுடரையும் அப்பி முடித்திருந்தாள். பெண் வெள்ளையடித்த சுவர் மாதிரி உட்கார்ந்திருந்தாள். உதடு துடித்தது.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, அது வேர்வையில்லை, பனி என்று விளக்கினாள். பனி புல்லில் படியும், பிள்ளைமேல் எதற்குப் படிகிறது என்று கேட்டாள் சித்தி. நியாயமான கேள்விதான், என்ன செய்ய! அக்கா மறுபடி முதலிலிருந்து பூசினாள். சித்தி கைக்குட்டையோடு பக்கத்திலேயே காவல் நின்றாள். அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிவிட்டார்கள். இன்னொரு முறை துடைத்தால் பூச நேரமில்லை.

அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "நீங்களும் உக்காருங்கம்மா."

வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே சித்தி உட்கார்ந்தாள். மிச்சப் பனியெல்லாம் அவள் கன்னத்துக்குப் போனது. கண்ணாடி முன்னால் இப்படித் திரும்பினாள், அப்படித் திரும்பினாள். கைக்குட்டை சத்தமில்லாமல் கைப்பைக்குள் போய்விட்டது.

பெண்ணைக் கூப்பிட வந்த சித்தப்பா, மனைவியைப் பார்த்துப் பதறிப்போனார். என்ன இப்படி வேர்த்திருக்கு என்று தன் கைக்குட்டையை உருவிக்கொண்டு கிட்டே வந்தார். சித்தி அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"தொடாதீங்க. பனிக்கும் வேர்வைக்கும் வித்தியாசம் தெரியாதா உங்களுக்கு? நம்ம பொண்ணு கல்யாணத்துக்கும் இவங்கதான், சொல்லிட்டேன்."